ரெனிட்டாவின் காய்ச்சல்

“பெஞ்சுல சும்மா உக்காந்திருந்தாக்கூட வேர்க்குமாடி?”

பவுன்தாயின் பனியனைத் துவைக்க எடுத்த மதினி ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டாள். பெரியகுளத்து வீட்டுக் கொல்லையில், பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம். எல்லாரும் சிரித்தார்கள். பவுன்தாய் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் விளங்கிக்கொள்கிற அளவுக்கு அங்கே ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். வாய் திறக்காதவர்களுக்கு உலகத்தில் முக்கால்வாசிப் பேர் முட்டாள்களாகத்தான் தெரிவார்கள். பவுன்தாய்க்கு மீதிக் கால்வாசியின் மேலும் சந்தேகம் இருந்தது.

வேர்க்கும். ஆடுகிறவளைவிட அதிகமாகவே வேர்க்கும். மூன்று வருடமாக ‘மதுரை மல்லிகைகள்’ அணியில் அவள் இருந்தாள். பெண்கள் அணி என்றதும் பூவின் பெயரைத் தவிர வேறெதுவும் தோன்றாத முதலாளி அவர்களுக்கு வாய்த்திருந்தார். அந்த மூன்று வருடத்தில் அவள் களத்தில் இறங்கிய நேரத்தில் ஒரு உலை கொதித்திருக்காது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே எல்லா ஆட்டத்தையும் ஆடினாள். களத்தில் ரெனிட்டா பந்தை வாங்கினால் இவள் விரல்கள் விரியும். ரெனிட்டா இடப்பக்கம் போனால், “தப்பு, வலப்பக்கம் காலியா இருக்கு” என்று இவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பந்து கூடையில் விழுந்ததும் மற்றவர்கள் எழுந்து கைதட்டுவார்கள். பவுன்தாய் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருடம் தென்னகக் கூடைப்பந்து லீக் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு ‘உடனுயிர்’ என்று பெயர். ஆட்டக்காரி விலாவைச் சுற்றி ஒரு பட்டை கட்டிக்கொள்வாள். வீட்டிலிருக்கும் ரசிகர் ஒரு சட்டையை மாட்டிக்கொள்வார். அவள் நெஞ்சு அடித்தால் அவர் மார்பில் அடிக்கும். அவள் இரைத்தால் இவர் விலா விரியும். கூடுதல் சந்தா கட்டினால் அவள் உடம்புச் சூடும் வரும். ஓட்டத்தையும் தாவலையும் மைதானத்துக் கேமராக்கள் பார்த்துச் சட்டையில் சேர்த்துவிடும். நெஞ்சுக்குள் நடப்பதைப் பட்டை பார்த்துக்கொள்ளும். இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைத் தேடுகிற ஆசாமிகளெல்லாம் சோபாவில் சாய்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே கடைசி நொடிக் கூடையைத் தாங்களே போட்டதாக நம்பினார்கள். மறுநாள் அலுவலகத்தில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, “நேத்து மேட்ச் ரொம்ப டஃப்” என்றார்கள்.

ரெனிட்டா நாகர்கோவில்காரி. அணியின் முதல் ஆட்டக்காரி. மதுரையில் நாலு முக்குகளில் அவளுக்குக் கட்அவுட் இருந்தது. முதலாளியின் நகைக்கடைத் திறப்பு விழாவில் ஒரு மனிதர், பெண்டாட்டியையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “மேடம், நேத்து பூரா உங்க மூச்சு என் நெஞ்சுக்குள்ளயே இருந்துச்சு” என்றார். பெண்டாட்டியும் பெருமையாகச் சிரித்தாள். திரும்பி வரும்போது ரெனிட்டா வேனை நிறுத்தச் சொல்லி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் அவள் பவுன்தாயைத் தேடி வந்தாள்.

“எட்டி பவுனு, எனக்க பட்டைய நீ கெட்டிக்க. உனக்குள்ளத எனக்குத் தா.”

“எதுக்குக்கா?”

“உனக்க பட்டைக்கு எவன் சந்தா கெட்டியிருக்கான்?”

“எங்கண்ணன் கட்டுச்சு. அதுவும் ஒரு மாசத்துல நிறுத்திருச்சு. ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதுன்னு.”

“அப்ப நல்லதாப் போச்சு. ஆளில்லாத வீட்டுல நான் இருந்துக்கிடுதேன்.”

பட்டைக்கு ஆளைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். புகழ்பெற்ற ஒரு நெஞ்சை எவளாவது கழற்றிக் கொடுப்பாள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து ஆட்டம்தோறும் பட்டை மாறியது. அணிப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். கோச் தனிஸ்லாஸ் சாருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு ஒரு திறமை இருந்தது: பார்க்கக்கூடாத இடத்தில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பரிமாற்றத்துக்கு ஈடாக ரெனிட்டா தன் பழைய ஷூவைக் கொடுத்தாள். ஒரு சைஸ் பெரிது. பவுன்தாய் முன்னால் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டம் போகப்போக ரெனிட்டாவின் சந்தாதாரர்கள் பெருகினார்கள். மற்ற அணிகளின் நட்சத்திரங்களைவிட மூன்று மடங்கு, நாலு மடங்கு. காரணத்தை விளக்க உடனுயிர் கம்பெனியிலிருந்து ஹேமந்த் என்பவன் சென்னையிலிருந்து வந்தான். முப்பது வயதிருக்கும். எல்லாரையும் ‘நீங்க’ என்பான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான். பெண்களை வட்டமாக உட்கார வைத்துச் சுவரில் ஒரு கோட்டுப்படம் காட்டினான்.

“மத்த பிளேயர்ஸ் பாருங்க. பந்து கைக்கு வந்ததும் ஹார்ட் ஒரே சீரா போயிடுது. பழக்கம். தொழில். ஆனா ரெனிட்டா மேம் வேற. பந்து பக்கத்துல வந்தாலே இங்க பாருங்க, எப்படி எகிறுது! வாழ்க்கையில ஒரு தடவையாவது அது கையில கிடைக்காதான்னு ஏங்கற மாதிரி. அது ஒரு பசி. ஜனங்க அதுக்கு அடிமை ஆயிட்டாங்க.”

ரெனிட்டா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“இன்னொண்ணு. கோவைகூட ஆடினப்ப மேம் கீழ விழுந்தாங்களே, மூணு பேர் மேல விழுந்தாங்க. அந்த செகண்ட்ல உள்ள பாருங்க. ஒரு சலனம் இல்ல. ஏரி மாதிரி. இந்த அமைதி எப்படி மேம் வருது? தியானம் பண்றீங்களா?”

“ஜெபம் பண்ணுவேன்” என்றாள் ரெனிட்டா.

“கடலை மிட்டாய்” என்று பக்கத்தில் இருந்த ஷகிலா பானு பவுன்தாயின் காதில் முணுமுணுத்தாள். “அப்ப நீ பல்லுல ஒட்டினதை நோண்டிட்டு இருந்தடி.”

வட்டம் முழுக்கத் தோள்கள் குலுங்கின. பவுன்தாய் மட்டும் சிரிக்கவில்லை. பசி என்று அவன் சொன்னது சரியான சொல். அதுதான் அவளுக்கு எரிந்தது. மூன்று வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கோச்சுக்குத் தெரியாத ஒன்று, ஒரு கோட்டைப் பார்த்து இவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் கொண்டுபோய் வேறொருத்தி தலையில் கிரீடமாக வைத்துவிட்டுப் போகிறான்.

பிறகு பனிக்காய்ச்சல் வந்தது.

முதலில் இலேசான சூடு, அப்புறம் பல் கிட்டுகிற குளிர், அப்புறம் மூச்சு. ஆரம்பத்திலேயே மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டால் பிழைத்துவிடலாம். மூச்சைத் தொட்டுவிட்டால் மருந்தால் பிரயோஜனமில்லை. ஊர் அடங்கியது. லீக் மட்டும் அடங்க மனமில்லாமல், அணிகளை ஒவ்வொரு விடுதியில் பூட்டி வைத்து, ஆளில்லாத அரங்கில் ஆட்டத்தை நடத்தியது. மல்லிகைகளை நத்தம் ரோட்டில் ஒரு விடுதியில் வைத்தார்கள். வெளியே போக யாரும் தடுக்கமாட்டார்கள்; ஆனால் முகாமை விட்டுப் போனவள் அந்த லீக்கில் மறுபடி ஆட முடியாது. இது ஒப்பந்தம்.

காய்ச்சலை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பட்டையை இரவும் பகலும் கட்டியிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி போட்டார்கள். கம்பெனி அதையும் விற்றது. ‘உறங்கும் நேரத் திட்டம்’ என்று ஒன்று வந்தது. ரெனிட்டாவின் மூச்சோடு சேர்ந்து தூங்கலாம்.

“பவுனு, சத்தியமா என்னால முடியாது மக்கா” என்றாள் ரெனிட்டா. கண் கலங்கியிருந்தது. “தூங்கும்போதும் அந்தப் பயலுவ எனக்க பக்கத்துல கெடக்கணுமா?”

“எம்பக்கத்துல கெடந்தா பரவால்லையாக்கா?”

“உனக்க பேரு அவனுவளுக்குத் தெரியாதுல்லாட்டி.”

அது ஒரு நியாயம்தான் என்று பவுன்தாய்க்கு அப்போது தோன்றியது. காலையில் குளிக்கும்போது மட்டும் பட்டையைக் கழற்றலாம். அந்த நேரத்தில் சந்தாதாரர்களுக்கு ஒரு சோப்பு விளம்பரம் ஓடும். ஊர்பேர் தெரியாத லட்சம் ஆண்கள் மார்பில் அவள் நெஞ்சு துடித்துக்கொண்டிருக்க, அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அவர்கள்மேல் அருவருப்பு வரவில்லை. அதற்கும் கீழே ஏதோ ஒன்று, வாய்க்காலில் மிதக்கும் சோற்றைப் பார்ப்பது மாதிரி.

இரண்டு பெண்கள் பயந்து முகாமை விட்டுப் போனார்கள். ஆள் குறைந்ததும் தனிஸ்லாஸ் சார் பவுன்தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“புதன்கிழமை ஆட்டத்துல ரெண்டாவது பாதி நீ இறங்குறம்மா. தயாரா இரு.”

அவள் ஷூவில் புதுப் பஞ்சு அடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லீக்கை முடித்துவிட்டார்கள். பாதி ஆட்டங்கள்கூட நடக்கவில்லை. பட்டியலில் அன்றைக்கு முதலிடத்தில் இருந்த மல்லிகைகள்தான் சாம்பியன் என்று ஓர் அறிக்கை வந்தது. ‘ஆரோக்கியமே முதல் வெற்றி’ என்று அதற்குத் தலைப்பு. கோப்பை அட்டைப் பெட்டியில் வந்தது. விடுதிக் காவலாளி அதன்மேல் கிருமிநாசினி அடித்து, துடைத்து, வரவேற்பு மேசையில் குப்புற வைத்தார். அணிப் பெண்கள் ஒவ்வொருவராக அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பவுன்தாய் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் குளிர் எடுக்க ஆரம்பித்திருந்தது.

அறைக்குப் போய்ப் படுத்த கொஞ்ச நேரத்தில் விடுதி வாசலில் சைரன் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேர் இறங்கினார்கள். ரெனிட்டாவின் பட்டை காய்ச்சலைக் காட்டிவிட்டதாம். முதலாளியின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்த ரெனிட்டாவை, ஆப்பிளைப் பிடுங்கிவிட்டு, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். அவள் தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தாள். பவுன்தாய் அவளையே பார்த்தாள். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான் என்பது இருவருக்கும் தெரிந்தது. ஆம்புலன்ஸ் கதவை மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பவுன்தாய் போனில்தான் பார்த்தாள். ரெனிட்டாவுக்காக ஒரு ஊரில் மண்சோறு சாப்பிட்டார்கள். இன்னொரு ஊரில் கட்அவுட்டுக்குக் கம்பளி போர்த்தினார்கள். ஆட்டம் நின்றுபோனதால் சந்தா சரியும் என்று பயந்த கம்பெனிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. உடம்புச் சூடு தருகிற உயர்ந்த திட்டத்துக்கு வரிசை நின்றது. ‘அவள் காய்ச்சலை நாம் பகிர்ந்துகொள்வோம்’ என்றார்கள். பகிர்ந்தால் குறையும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒருத்தர், “தலைவிக்குக் குளிருது, நான் ஏசியை நிறுத்திட்டேன்” என்று எழுதியிருந்தார். பவுன்தாய் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே அதைப் படித்தாள். சிரிக்கப் போய் இருமினாள். கீழே உடனே ஆயிரம் பேர், “இருமுறா, இருமுறா” என்று எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ரெனிட்டாவுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, காய்ச்சலே இல்லை என்று சொன்னாளாம். டாக்டர்கள் திரையைப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரை மாற்றச் சொன்னார்களாம். ஷகிலா பானு கதவுக்கு வெளியே நின்று இதைச் சொல்லிவிட்டு, “நீ சார்கிட்டச் சொல்லிருடி. செத்துக்கித்துத் தொலையாத” என்றாள்.

மறுநாள் காலையில் தனிஸ்லாஸ் சார் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“சார், எனக்குத்தான் காய்ச்சல். உங்களுக்குத் தெரியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தொடைக்காதீங்க சார். பாருங்க.”

“சொன்னா பட்டை மாத்தின கதை வெளிய வரும்மா. கோப்பை போயிரும். எல்லாப் பொண்ணுங்களுக்கும் தடை வரும். ரெனிட்டா...”

“எனக்கு மூச்சு போயிரும் சார்.”

“நான் ஹேமந்த் சாருக்குப் போன் போட்டுட்டேன். வந்துட்டு இருக்கார். நல்ல மனுஷன்தான்.”

வெயில் உச்சிக்கு வந்தபோது ஹேமந்த் வந்தான். இரண்டு முகமூடி, கையுறை. அறைக்குள் வந்து, கட்டிலுக்கு எவ்வளவு தூரத்தில் முடியுமோ அவ்வளவு தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கோச் அவன் பின்னால் நின்றார். அவன் கோபப்படுவான் என்று பவுன்தாய் நினைத்திருந்தாள். அவன் அவளை ஆசையாகப் பார்த்தான்; மூன்று வருடத்தில் ஒருத்தன் அவளைப் பார்ப்பது அதுவே முதல்முறை.

“அப்ப அது நீங்கதான். அந்தப் பசி.”

“மருந்து வேணும் சார்.”

“கண்டிப்பா. அதுக்குத்தான் வந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லலையே? நல்ல காரியம் பண்ணீங்க. இப்ப நிலவரம் என்னன்னா பவுன்தாய், லீக் நின்னுடுச்சு. விளம்பரதாரர்கள் எல்லாம் ஓடிட்டாங்க. இந்தக் கம்பெனியில ஐநூறு பேர் வேலை பாக்கறோம். எங்களைத் தூக்கி நிறுத்தி வெச்சிருக்கறது ஒரே ஒரு விஷயம்தான்.”

“என் காய்ச்சல்.”

“ரெனிட்டாவோட காய்ச்சல்” என்று அவன் மரியாதையாகத் திருத்தினான். “மருந்து ஏத்தினா சாயங்காலமே இறங்கிடும். ஜனங்க தயாரா இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய நிகழ்ச்சி வெச்சிருக்கோம், ‘மீண்டெழும் மல்லிகை’. அதுவரைக்கும் நீங்க இப்படியே, ரெஸ்ட்ல இருந்தா போதும். சனிக்கிழமை ராத்திரி மருந்து. டாக்டரைப் பக்கத்து ரூம்லயே போடறேன்.”

“அதுக்குள்ள நெஞ்சுல எறங்கிருமே சார்.”

“எல்லாருக்கும் எறங்கறதில்ல.”

பவுன்தாய் கோச்சைப் பார்த்தாள். அவர் கொசுவலையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெனிட்டா அக்கா என்ன சொல்லுது?”

ஹேமந்த் தயங்காமல் போன் போட்டு, திரையை அவள் பக்கம் நீட்டினான். ரெனிட்டா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, பக்கத்தில் பூங்கொத்துகள். கையில் ஊசி குத்தி ஒட்டுப் போட்டிருந்தது.

“பவுனு... மக்கா, எப்படிட்டி இருக்க?”

“மருந்து ஏத்திட்டாங்களாக்கா?”

ரெனிட்டா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். “நேத்தே ஏத்திட்டாவ. நான் வேண்டாம்னு சொன்னேன், கேக்கல்ல.”

“காரணத்தைச் சொல்லியிருக்கலாம்ல.”

“எப்படிட்டிச் சொல்ல? வாசல்ல பத்தாயிரம் பேரு நிக்கான். அம்மையும் அப்பனும் இங்கதான் இருக்காவ. இப்பப் போயி நான் இல்ல, வேற ஒருத்தின்னு சொன்னா என்னைய கொன்னுருவானுவ.” அவள் அழுதாள். அழுகை உண்மையானதுதான், அதனால் ஒரு பயனும் இல்லை. “நாலு நாளுதானட்டி. நீ தெம்பான ஆளு. நான் உனக்காக ஜெபம் பண்ணுதேன்.”

அவளை வெறுக்க வேண்டும் என்று பவுன்தாய் முயன்றாள். வரவில்லை. அவ்வளவு பெரிய சாமானை வைக்க அந்த முகத்தில் இடம் இல்லை. போனை அவனிடமே தள்ளினாள்.

ஹேமந்த் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தான்.

“சும்மா கேக்கல பவுன்தாய். அடுத்த சீசன்ல நீங்க முதல் அஞ்சு பேர்ல ஒருத்தர். பெஞ்ச் கிடையாது. எல்லா ஆட்டமும், முதல் நிமிஷத்துலருந்து. எழுதித் தரேன். சார் சாட்சி.”

கோச் தலையாட்டினார். அவருடைய அணியில் யார் ஆட வேண்டும் என்பதை எவனோ சொல்கிறான், அவர் தலையாட்டுகிறார்.

ஆனால் பவுன்தாய்க்கு உள்ளே அது நடந்துவிட்டது. அவளால் தடுக்க முடியவில்லை. அரங்கின் விளக்குகள், நடுவர் மேலே எறியும் பந்து, பலகைத் தரையில் தன் கால் கிறீச்சிடும் சத்தம். காய்ச்சலின் ஊடே எல்லாம் வந்து நின்றது. நெஞ்சு எகிறியது. நாலு நாள் தாங்க மாட்டோமா? எத்தனையோ பேர் தாங்குகிறார்கள். எல்லாருக்கும் இறங்குவதில்லை என்று அவனே சொல்கிறானே. “சரி” என்று சொல்ல வாயெடுத்தாள்.

ஹேமந்தின் சட்டைப் பையில் இன்னொரு போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அவன் கண் விரிந்தது. எழுந்து, தூரத்தையும் மறந்து, கட்டில் பக்கமே வந்துவிட்டான்.

“பாருங்க, பாருங்க! இந்த செகண்ட்! நீங்க இப்ப என்ன நெனச்சீங்களோ, அப்படியே போயிருக்கு!”

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘தலைவிக்கு ஏதோ நல்ல நினைப்பு வந்திருக்கு.’ ‘எனக்கு அழுகை வருது, ஏன்னு தெரியல.’ ‘என்னைத்தான் நெனைக்கிறா போல.’ ‘இது ஒண்ணுக்கே சந்தாக் காசு சரியாப் போச்சு.’

“இதான் நான் சொன்ன பசி” என்றான் ஹேமந்த். முகமூடிக்கு மேலே அவன் கண்கள் உண்மையாகவே ஈரமாக இருந்தன. “தயவுசெஞ்சு இன்னொரு தடவை நெனைங்க.”

பவுன்தாய் அவனை முழுதாக ஒருமுறை பார்த்தாள். அடுத்த சீசனில் களத்தில் இறங்கினாலும் இதுதான். பந்து அவள் கைக்கு வரும், வந்ததும் பசி போய்விடும், கோடு சீராகிவிடும். அப்புறம் இவன் வந்து, இவளை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தால் நல்லது என்பான். அதற்கும் ஒரு படம் வரைந்து காட்டுவான். கோச் தலையாட்டுவார்.

அவள் பனியனுக்குள் கையை விட்டுக் கொக்கியைத் தள்ளினாள். பட்டை விலாவை விட்டு வந்தது. கட்டிலின்மேல் போட்டாள்.

“என்ன பண்றீங்க?” என்றான் ஹேமந்த். பிறகு கத்தினான். “கட்டுங்க! கட்டுங்க அதை! குளிக்கிற நேரம் இல்ல இது, விளம்பரம் வராது, அவங்களுக்கு நேரா நெஞ்சு நின்னுடும்! போன மாசம் சேலத்துல ஒருத்திக்குப் பட்டை நழுவினதுக்கே பஸ்ஸைக் கொளுத்தினாங்க. ரெனிட்டா செத்துட்டான்னு நெனைச்சா ஆஸ்பத்திரியையே எரிச்சுடுவாங்க!”

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள்.

“சார், நீங்க கட்டுங்க!” என்று ஹேமந்த் கோச்சைப் பார்த்தான். தனிஸ்லாஸ் சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கதவோடு ஒட்டினார். “எனக்கு பிபி இருக்கு சார். துடிப்பு சரியா வராது.”

போன் அதிர ஆரம்பித்தது. நிற்காமல் அதிர்ந்தது. ஹேமந்த் கையுறையைக் கழற்றி எறிந்தான். கையுறையோடு கொக்கி மாட்ட வரவில்லை. சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தான். ஒன்று தெறித்து ஓடியது. அவள் உடம்பின் ஈரம் காயாத பட்டையை அள்ளித் தன் வெற்று மார்பைச் சுற்றிக் கட்டினான். அவசரத்தில் முகமூடிகள் தாடைக்கு இறங்கிவிட்டன.

அதிர்வு ஒரு நொடி நின்றது. அப்புறம் வரிகள் வெள்ளமாக வந்தன. ‘வந்துருச்சு! துடிப்பு வந்துருச்சு!’ ‘தெய்வமே.’ ‘ஐயோ, எப்படிப் பயந்துபோயிருக்கா பாருங்க.’ ‘சூடு குறைஞ்சிருச்சு! மண்சோறு பலிச்சிருச்சு!’ ‘பயப்படாத கண்ணு, நாங்க இருக்கோம். எங்கயும் போக மாட்டோம்.’

ஹேமந்த் கட்டிலின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான். விலாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான், யாரோ எட்டிப் பார்ப்பது மாதிரி.

“சார்” என்றார் தனிஸ்லாஸ் சார் கதவோரத்திலிருந்து, மிகவும் தணிந்த குரலில். “அது அவ வேர்வை சார். காய்ச்சல் வேர்வை.”

ஹேமந்த் தன் மார்பைக் குனிந்து பார்த்தான். கை கொக்கியிடம் போனது. போனைப் பார்த்ததும் திரும்பி வந்தது.

“பவுன்தாய்” என்றான். “பவுன்தாய், நில்லுங்க. ரெண்டு நிமிஷம் பேசலாம். இன்னிக்கே மருந்து. இப்பவே ஏத்திடலாம். இதை மட்டும் என்கிட்டருந்து வாங்கிக்கோங்க. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. என்ன வேணும்?”

நெஞ்சு எகிறும் சத்தம் அவன் குரலிலேயே கேட்டது. போன் திரையில் லட்சம் பேர் அதைத் தாய்மாதிரித் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்றால் யாருக்கும் மருந்து உண்டு. நத்தம் ரோட்டில் ஆட்டோ கிடைக்காவிட்டாலும் நடக்கலாம், மர நிழல் இருந்தது. பவுன்தாய் வெறுங்காலைச் செருப்பில் நுழைத்தாள். அந்த இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் பையிலிருந்த துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.